சன்னல் சுவரின் நீலம்

இரண்டு நீலம். ஒன்று நாற்பத்தேழாம் நம்பர், மற்றது நாற்பத்தெட்டாம் நம்பர். பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் இவற்றுக்குப் பெயரும் வைத்திருந்தார்கள். நாற்பத்தேழுக்கு 'அமைதிக் கடல்', நாற்பத்தெட்டுக்குக் 'கடல் அமைதி'. பெயர் வைப்பதற்கென்றே அங்கே ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், அந்தப் புண்ணியவான் பாதி நாள் தூங்கிவிடுகிறார் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

தையல்காரி இரண்டு அட்டைகளையும் தையல் மெஷின் மேல் பக்கம் பக்கமாக வைத்தாள். சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். விளக்கைப் போட்டுப் பார்த்தாள், அணைத்துவிட்டுப் பார்த்தாள். நிறம் பார்ப்பதில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. துணிக்கு நூல் வாங்கப் போனால் கடைக்காரர், "நீங்களே எடுத்துக்குங்க, நான் எடுத்தா திட்டுவீங்க" என்று நூல் டப்பாவை அவள் பக்கம் தள்ளிவிடுவார். அப்பேர்ப்பட்டவளுக்கு அன்றைக்குக் கண் நிலைகொள்ளவில்லை. இந்த இரண்டில் சரியான நீலம் எது என்று கண்டுபிடித்து அடிக்காவிட்டால், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு வண்டி வந்து அவள் மகனை ஏற்றிக்கொண்டு போய்விடும். அன்று புதன்கிழமை.

சுவரில் அடிக்கிற நிறத்துக்காக ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போவானா என்று கேட்பவர்கள் துரையோடு ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும்.

துரை என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எவரையும் ஏறிட்டுப் பார்க்காமல், அளந்து வைத்த மாதிரி அடியெடுத்து நடப்பான். "தொரை வர்றாரு, வழிவிடுங்க" என்று யாரோ கிண்டலாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. கோபப்பட்டுப் பார்த்த அம்மாவும் கடைசியில் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். இப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனுக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். அதே தட்டு, அதே டம்ளர், அதே நாற்காலி. காலையில் எழுந்ததும் கட்டில் தலைமாட்டில் இருக்கும் மூலைக்குப் போய் நிற்பான். இடது உள்ளங்கையைக் கட்டில் பக்கத்துச் சுவரில் வைப்பான், வலது உள்ளங்கையைச் சன்னல் இருக்கும் சுவரில் வைப்பான், நெற்றியை மூலைக்குள் கொடுப்பான். பத்து நிமிஷம். அதற்குப் பிறகுதான் பல் தேய்ப்பது, சாப்பிடுவது, உலகம் விடிவது எல்லாம். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள், "வளர்ந்த பிள்ளைய யாரு மூலையில நிக்க வச்சது?" என்று அவளைத்தான் முறைப்பார்கள்.

ஒன்பது வருஷம் முன்பு அந்த அறைக்கு நீலம் அடித்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அடித்த புதிதில் ஒரு மாதம் அந்த மூலையை நகத்தால் சுரண்டிச் சுரண்டி, விரலில் ரத்தம் வருகிற அளவுக்குப் போனான். துணி அளக்கும் மர ஸ்கேலால் விரல் முட்டியில் நாலு போட்டாள். சுரண்டுவது நின்றது. அதன் பிறகுதான் இந்தக் கை வைத்து நிற்கிற பழக்கம் வந்தது.

இரண்டு வாரம் முன்பு மாடி வீட்டுக் குளியலறைக் குழாய் உடைந்து, தண்ணீர் சுவருக்குள் இறங்கிவிட்டது. கட்டில் சுவரும் சன்னல் சுவரும் ஊறி, உப்பி, பொரிந்து உதிர ஆரம்பித்தன. பழைய பெயிண்டரையே கூப்பிட்டார்கள். ஆள் நெடுநெடுவென்று இருப்பார், தெருவில் அவருக்கு ஏணி என்று பெயர். அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, "ரெண்டு சுவத்த மட்டும் அடிச்சா ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும் தங்கச்சி. நாலையும் சுரண்டிப் பட்டி பாத்து ஒரேயடியா அடிச்சிடுவோம்" என்றார். நல்ல வேலைக்காரர் சொன்னால் கேட்க வேண்டியதுதானே? துரையை அவன் அப்பா டாக்டரிடம் கூட்டிப் போயிருந்த ஒரு பகலில் நான்கு சுவரும் சுரண்டப்பட்டு வெள்ளை வெளேரென்று நின்றன.

திரும்பி வந்த துரை அறை வாசலில் நின்றான். அவன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் கேட்டு மாடியில் இருந்தவர்கள் இறங்கி ஓடி வந்தார்கள்.

அன்றிலிருந்து பதினொரு நாள். அறைக்குள் கால் வைக்கவில்லை. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஆறடி நீளத்துக்கு ஓர் இடைவழி, அங்கேதான் நிற்பான், நின்று கால் கடுத்தால் உட்கார்ந்துகொண்டே கண் அயர்வான். விழித்ததும் நெற்றியைச் சுவரில் மோதுவான். நெற்றி பிளந்து தையல் போட்டார்கள், தையலைப் பிய்த்துவிட்டான். தடுக்கப் போன அப்பாவின் தோளைக் கடித்தான். அவள் தலையணையைச் சுவருக்கும் நெற்றிக்கும் நடுவே பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றாள். கை மரத்துப்போனால் கையை மாற்றிக்கொள்வாள். தைக்க வந்த துணியெல்லாம் மூட்டையாகக் கிடந்தது.

அவள் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒன்பது நாளாகத் தூக்கமில்லாத மனிதர், திங்கட்கிழமை தூக்கக் கலக்கத்தில் முட்டுக்கொடுக்காமல் தூக்கி வைத்திருந்த ஒரு பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுக்கப் பார்த்தார். கூட வேலை செய்கிறவர் காலைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறார். அன்று மாலைதான் அவருடைய அக்காவுக்குப் போன் போட்டார்.

அக்கா கெட்டவள் இல்லை. வேகமானவள், அவ்வளவுதான். இரண்டே நாளில் ஒரு காப்பகத்தைப் பார்த்து, பேசி, இடம் பிடித்துவிட்டாள்.

"அங்க இவன மாதிரி நாப்பது பேரு இருக்காங்க. பாத்துக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க. ஒனக்கு என்ன தெரியும் சொல்லு? தலைகாணி பிடிக்கத் தெரியும்" என்றாள் நாத்தனார்.

"அண்ணி, அவன் அங்க போனா செத்துடுவான். ஒரு தட்டு மாறினா சாப்பிட மாட்டான்."

"இங்கயே இருந்தா என் தம்பி செத்துடுவான். அது பரவால்லையா?"

தையல்காரி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ரூம முன்ன இருந்த மாதிரியே ஆக்கிட்டா உள்ள போயிடுவான். சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க அண்ணி" என்று கெஞ்சினாள்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு வண்டியோட வருவேன்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் போனாள்.

முன்பு இருந்த மாதிரியே ஆக்க வேண்டும், சரி. முன்பு இருந்தது எந்த நீலம்? ஏணியைக் கேட்டால், "ஒம்போது வருஷத்துல எத்தனை வீடு அடிச்சிருப்பேன். நேத்து சாப்பிட்டதே ஞாபகம் இல்ல" என்று கையை விரித்தார். ஆனால் சுரண்டிய சில்லுகள் இருந்தன. கட்டில் மேல் உதிர்ந்த சில்லு ஒன்றை அவள் எடுத்து வைத்திருந்தாள். ஏணி சன்னல் பக்கம் சுரண்டிய குப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார். இரண்டையும் கடைக்குக் கொண்டுபோனார்கள். கடையில் சில்லைக் காட்டினால் நம்பர் சொல்லும் ஒரு கருவி உண்டு. அவள் சில்லுக்கு அது நாற்பத்தேழு என்றது. அவர் சில்லுக்கு நாற்பத்தெட்டு என்றது.

"எது சரி?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டும் ஒரே ரூமுதானே? அப்ப ஒண்ணு தப்பு" என்றார் கடைக்காரர். பெரிய கண்டுபிடிப்பு.

"இவங்க சில்லு கட்டில் பக்கம். ஈரம் ஊறின எடம். வெளுத்திருக்கும்" என்றார் ஏணி.

"என் சில்லு காஞ்ச எடத்துல இருந்து விழுந்தது அண்ணே. உங்க சில்லுதான் சன்னல் ஓரம், புழுதி படிஞ்சு கருத்திருக்கும்."

"நான் முப்பது வருஷமா பெயிண்ட் அடிக்கிறேன் தங்கச்சி."

"நான் இருபது வருஷமா நூல் பாக்குறேன்."

கருவிதான் சரியில்லை என்று கடைக்காரர் முடிவுகட்டி, இரண்டு நம்பரையும் தனித்தனி அட்டையில் தீட்டி அவளிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். மூன்று பேரும் இரண்டில் ஒன்று தப்பு என்பதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

அந்த அட்டைகள்தான் புதன்கிழமை தையல் மெஷின் மேல் இருந்தவை. கடைசி முயற்சியாக அவள் அவற்றை இடைவழிக்கு எடுத்துப் போனாள். வாழ்கிறவன் அவன், அவனையே கேட்போமே.

"துரை, இங்க பாருடா. இதா? இதா?"

துரை மோதுவதை நிறுத்தினான். பதினொரு நாளில் முதல் தடவையாக அவன் கண் ஒரு பொருளின் மேல் நின்றது. கை நீட்டி நாற்பத்தேழை வாங்கினான். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. உடனே மற்ற கையை நீட்டி நாற்பத்தெட்டையும் வாங்கிக்கொண்டான்.

"ரெண்டும் வேணாம்டா கண்ணு. ஒண்ணு காட்டு. ஒண்ணே ஒண்ணு."

அவன் விடவில்லை. இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டான். அவள் ஓர் அட்டையை மெல்ல இழுத்தாள். பிறகு பலமாக இழுத்தாள். துரை அலறிக்கொண்டு நெற்றியைச் சுவரில் மோத, அவள் அட்டைகளைக் கீழே போட்டுவிட்டுத் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இவனுக்கு என்ன தெரியும், பாவம், நீலமாக இருந்தால் போதும் என்று எடுத்துக்கொள்கிறான் என்று நினைத்தாள். தன் கண்ணையே நம்புவது என்று முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை நாற்பத்தேழு அடித்தார்கள். ஏணி தனக்குப் பிடிக்காத நிறமாக இருந்தாலும் கையில் குறை வைக்கவில்லை. நான்கு சுவருக்கும் இரண்டு கோட்டு. மின்விசிறியைச் சுழலவிட்டு, மாலை ஐந்து மணிக்கெல்லாம் காய்ந்துவிட்டது. கட்டிலை இருந்த இடத்திலேயே போட்டு, அதே விரிப்பை விரித்தாள். துரையை வாசலுக்குக் கூட்டி வந்தாள். அவன் பார்த்தான். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தான். அவன் கண் கட்டில் சுவரைத் தொட்டு, மூலைக்கு வந்து, சன்னல் சுவருக்குப் போயிற்று. வைத்த காலை எடுத்துவிட்டான். அன்று மாலை முழுவதும் தலையணையை அவளால் ஒரு நிமிஷம்கூடக் கீழே வைக்க முடியவில்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்று ஏணி வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலை நாற்பத்தெட்டாம் நம்பர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவர் முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது.

வெள்ளி மாலை மறுபடியும் அதே வாசல். அதே கால் உள்ளே போயிற்று. இந்தத் தடவை அவன் கண் சன்னல் சுவரிலிருந்து தொடங்கி, மூலைக்கு வந்து, கட்டில் சுவரில் நின்றுவிட்டது. காலை எடுத்தான். சத்தம் போடவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. ஏமாந்து ஏமாந்து அலுத்துப்போன மனிதன் மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இடைவழிக்குத் திரும்பிப் போய்விட்டான்.

அவள் கணவர் மேசை முன் உட்கார்ந்து காப்பகத்தின் தாளில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடாமலே தாளின் மேல் வைத்தார்.

"என்னங்க."

"இனிமே என்ன செய்யச் சொல்ற? சொல்லு, செய்யறேன். எனக்கு ஒண்ணுமே தோணல."

அவள் பையை எடுத்துத் துரையின் சட்டைகளை வைத்தாள். தட்டை வைத்தாள், டம்ளரை வைத்தாள். தட்டைத் துணியில் சுற்றி வைக்கலாமா என்று யோசித்தபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இருபத்தொரு வருஷம் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவனை எதற்காக அனுப்புகிறோம்? பொருத்தமான ஒரு நீலம் தெரியாததற்காக. ஊரார் ரவிக்கைக்கெல்லாம் நூல் பொருத்திக் கொடுத்த கண்ணைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது அவளுக்கு.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏணி தன் ஏணியை எடுத்துப் போக வந்தார். வேறு வீட்டில் வேலை இருந்தது. தையல்காரி கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு இடைவழியைத் தாண்டப் போனவர், அப்படியே நின்றார்.

துரை தரையில் உட்கார்ந்திருந்தான். புதன்கிழமை அவள் கீழே போட்ட இரண்டு அட்டைகளையும் எங்கிருந்தோ பொறுக்கி எடுத்திருந்தான். அவற்றைத் தரையில் படுக்க வைக்கவில்லை. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மூலை மாதிரி நிமிர்த்தி நிறுத்தியிருந்தான். இடது பக்கம் நாற்பத்தேழு, வலது பக்கம் நாற்பத்தெட்டு. இரண்டு உள்ளங்கைகளையும் அட்டைக்கு ஒன்றாக அவற்றின் மேல் வைத்து, விழாமல் பிடித்துக்கொண்டு, நெற்றியை அந்தச் சின்ன மூலைக்கு நேராகக் குனிந்திருந்தான்.

ஏணி தோளிலிருந்த ஏணியை மெல்ல இறக்கினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"தங்கச்சி. கொஞ்சம் வாயேன்."

அவள் வந்தாள். "விளையாடுறான். விடுங்க அண்ணே."

"இல்லம்மா, விளையாடல. நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்."

"என்ன சொல்றீங்க?"

"ஒம்போது வருஷம் முன்ன இந்த ரூம் அடிச்சப்ப மூணு சுவத்தோட பெயிண்ட் தீந்துபோச்சு. சன்னல் சுவர் ஒண்ணுதான் பாக்கி. கடைக்கு ஓடினா அந்த நம்பர் இல்ல, நாளைக்குத்தான் வரும்னான். நான் மறுநாள் வேற வேலை ஒத்துக்கிட்டிருந்தேன். பக்கத்து நம்பர் இருந்துச்சு. மூலையில வெளிச்சம் எப்படியும் ரெண்டு சுவத்துல ரெண்டு மாதிரிதான் விழும், எவன் கண்டுபிடிக்கப் போறான்னு அதையே வாங்கி அடிச்சிட்டேன். சத்தியமா மறந்தே போச்சு தங்கச்சி. இவன் இப்படி நிமித்தி வச்சிருக்கறதப் பாத்ததும்தான்..."

தையல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு சில்லும் சரி. கருவியும் சரி. அவள் கண்ணும் சரி, அவர் கண்ணும் சரி. அந்த அறை ஒருநாளும் ஒரு நிறத்தில் இருந்ததே இல்லை.

"நான் கேட்டேனே!" என்று கத்தினாள். "அன்னைக்கே கேட்டேனே! இந்தச் சுவரு ஒரு சாயல் கருத்த மாதிரி இருக்கேன்னு. நீங்க என்ன சொன்னீங்க? காயட்டும், எல்லாம் ஒண்ணாயிடும், வெளிச்சம்தான்னு சொன்னீங்க!"

ஏணி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அவள் மேலும் திட்ட வாயெடுத்தாள். வரவில்லை. ஏனென்றால் அதற்குள் வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. அவர் சொன்ன சமாதானத்தை அவள் நம்பினாள், சரி. அதே மாதம் ஒரு பையன் அந்த மூலையில், இரண்டு நீலமும் சேர்கிற அந்தக் கோட்டில், ரத்தம் வரச் சுரண்டிச் சுரண்டிக் காட்டினான். அவனுக்கு என்ன கொடுத்தாள்? மர ஸ்கேல்.

அடி வாங்கியவன் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, அந்தத் தப்போடு வாழப் பழகிக்கொண்டான். பன்னிரண்டு வயதில், ஒருவர் துணையும் இல்லாமல், ஒரு கையை இதிலும் ஒரு கையை அதிலும் வைத்து, இது இப்படித்தான் என்று தினமும் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஒன்பது வருஷம் கழித்து அந்தச் சமாதானத்தையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

"மணி என்ன?" என்று கேட்டாள். அவளுக்கே தன் குரல் வேறு யாரோ பேசுவது போல் இருந்தது.

"ஆறேகால்."

"நாலு சுவரும் இப்ப நாப்பத்தெட்டுதானே? சன்னல் சுவரு அப்படியே இருக்கட்டும். கட்டில் சுவத்த மட்டும் இப்ப நாப்பத்தேழு ஆக்குங்க, மத்த ரெண்டையும் அப்புறம் பாத்துக்கலாம். பத்து மணிக்குள்ள."

"டப்பாவுல மீதி இருக்கு. ஆனா ரெண்டு கோட்டு காயணும்மா..."

"காய வைங்க!"

ஏணி அன்று அடித்த மாதிரி வாழ்க்கையில் அடித்ததில்லை. ரோலர் சுவரில் ஓடுகிற சத்தம் கேட்டு அவள் கணவர் எழுந்து வந்தார். என்ன ஏது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், பக்கத்து வீட்டிலிருந்து இன்னும் இரண்டு மின்விசிறியைக் கொண்டுவந்து சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். முதல் கோட்டு ஏழு மணிக்கு முடிந்தது. இரண்டாவது எட்டரைக்கு. ஈரத்தில் அந்த நீலம் வெளுத்துப்போய், இரண்டும் இல்லாத மூன்றாவது நிறமாக நின்றது. காயக் காயத்தான் நிறம் பிடிக்கும். அவள் அடிக்கொரு தரம் வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தால் சீக்கிரம் காயுமா என்ன? ஆனாலும் பார்த்தாள்.

ஒன்பதே முக்காலுக்கு வண்டி வந்து நின்றது. நாத்தனாரோடு காப்பகத்து ஆட்கள் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். நாத்தனார் வாசலில் பையைப் பார்த்தாள், உள்ளே மின்விசிறிகளைப் பார்த்தாள்.

"இன்னுமா பெயிண்ட் அடிக்கிறீங்க? உங்களுக்கெல்லாம் பைத்தியமா?"

"அக்கா, பத்து மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கு. உக்காரு" என்றார் அவள் கணவர். அக்காவிடம் அவர் அந்தக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை. நாத்தனார் உட்கார்ந்தாள்.

யாரும் கூப்பிடாமலே துரை எழுந்து வந்தான். வாசலில் நின்றான். கால் வைக்கவில்லை. கட்டில் சுவரைப் பார்த்தபடி நின்றான். சுவர் மேலிருந்து கீழாகக் காய்ந்துகொண்டு வந்தது. காய்ந்த இடத்துக்கும் ஈர இடத்துக்கும் நடுவிலிருந்த கோடு இறங்க இறங்க, அவன் கண்ணும் அதோடு இறங்கியது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். தையல்காரி அவனுக்குப் பின்னால் தலையணையோடு நின்றாள். இதுவும் இல்லை என்றால் இனி அவளிடம் ஒன்றும் இல்லை.

"மணி பத்து" என்றாள் நாத்தனார். சத்தமாகச் சொல்லவில்லை.

காப்பகத்து ஆள் ஒருவர் அருகில் வந்து துரையின் தோளில் கை வைக்கப் போனார்.

"தொடாதீங்க!" என்றாள் தையல்காரி. "கும்பிடறேன். தொடாதீங்க."

ஏணி சுவரின் அடிப்பகுதியில் விரலை வைத்துப் பார்த்து, "கீழ மட்டும்தான் ஈரம்" என்று முணுமுணுத்தார்.

துரை ஒரு காலை உள்ளே வைத்தான். அவன் கண் கட்டில் சுவரிலிருந்து மூலைக்குப் போயிற்று, மூலையிலிருந்து சன்னல் சுவருக்குப் போயிற்று, திரும்ப வந்தது. மறுபடியும் போயிற்று, வந்தது. அடுத்த காலை எடுத்து வைத்தான். அளந்து அளந்து ஆறு அடி. மூலையில் போய் நின்றான். இடது உள்ளங்கை கட்டில் சுவரில். வலது உள்ளங்கை சன்னல் சுவரில். பிளந்த நெற்றியை மூலைக்குள் கொடுத்தான். மோதவில்லை. சும்மா வைத்தான்.

பத்து நிமிஷம் அப்படியே நின்றான். வெளியே வண்டிக்காரர் ஒரு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பிறகு துரை திரும்பி, எல்லோரையும் தாண்டி, குளியலறைக்குப் போய்ப் பல் தேய்த்தான். சமையலறைக்கு வந்து தட்டு இருக்கும் அலமாரி முன் நின்றான். தட்டு அங்கே இல்லை. அவள் கணவர் வாசலுக்குப் போய், பையின் ஜிப்பைத் திறந்து, தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு வந்து அலமாரியில் வைத்தார். துரை அதை எடுத்துக்கொண்டு தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"அக்கா, இந்தத் தாளக் கிழிச்சுடு" என்று மேசையிலிருந்த தாளை எடுத்து நீட்டினார் அவர்.

நாத்தனார் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் என்ன வேண்டாதவளா?" என்று யாரிடமோ கேட்டபடி அந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தையல்காரி மட்டும் அறைக்குள் போனாள். கட்டில் சுவரில் துரையின் இடது கை ஐந்து விரலோடு பதிந்திருந்தது. பெயிண்ட் அங்கே முழுசாக இறுகியிருக்கவில்லை. ஏணி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, "தொட்டு விட்டுடறேன் தங்கச்சி" என்று வந்தார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் போனதும், துரை நின்ற மாதிரியே நின்று பார்த்தாள். ஒரு கை இங்கே, ஒரு கை அங்கே. இரண்டு நீலம். தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கும் அவளுக்குத் தெரியத்தான் செய்தது. தெரிந்தும் விட்டுவிட்டவள் அவள், விடாமல் காட்டியவன் அவன். அந்த விரல்களில்தான் அடித்தாள். மூலைக்குள் முகத்தைக் கொடுத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. துரை சாப்பிட்டு முடித்து வந்திருந்தான். தன் இடத்தில் வேறு ஆள் நிற்பதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு அவள் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்து, இடம் மாறிக் கிடக்கும் ஒரு பொருளை எடுத்து வைக்கிற மாதிரி, அவளைக் கட்டில் ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"மன்னிச்சுக்கடா துரை" என்றாள்.

அவன் காதில் வாங்கவில்லை. உள்ளங்கைகளைச் சுவர்களில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் கட்டிலில் உட்கார்ந்து, அவன் முடிக்கும்வரை காத்திருந்தாள்.